லாரி, கப்பல், ரயில், விமானம்: சரக்கு சேதமானால் யார் தருவார்? நெல்லை, தூத்துக்குடி வணிகர்களுக்கான கேள்வி பதில்

பாளையங்கோட்டை குடோனில் ஏற்றிய சரக்கு ஹாம்பர்க் போய்ச் சேர்வதற்குள் ஆறேழு கை மாறிவிடும். முதலில் லாரி, அடுத்து தூத்துக்குடியில் சரக்குப் பெட்டக நிலையம், துறைமுக யார்டு, கொழும்பு வரை ஃபீடர் எனும் சிறு கப்பல், அங்கிருந்து பெரிய கப்பல், கடைசியில் அந்த ஊர் லாரி. சேதம் எந்தக் கையில் நடந்தது என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறும், தொகை மாறும், புகார் கொடுக்கும் கெடுவும் மாறும். கீழே உள்ளவை அந்த மாற்றங்களைப் பற்றிய கேள்விகள்.

சரக்கை ஏற்றிப் போகிறவர்தானே பொறுப்பு? பிறகு இன்சூரன்ஸ் எதற்கு?

பொறுப்பு அவருடையதுதான். ஆனால் அந்தப் பொறுப்புக்குச் சட்டமே ஒரு உச்சவரம்பு கட்டியிருக்கிறது. சரக்கின் விலையை வைத்து அந்த வரம்பு கணக்கிடப்படுவதில்லை.

லாரியையே எடுத்துக்கொள்வோம். 2007-ம் ஆண்டு சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் 2011 விதிகளும் சொல்வது இது: சரக்கின் மதிப்பை முன்கூட்டி எழுதிக் கொடுத்து, அதற்கான கூடுதல் கட்டணத்துக்கு ஒப்புக்கொள்ளாவிட்டால், லாரி நிறுவனத்தின் பொறுப்பு வாடகையின் பத்து மடங்கோடு நின்றுவிடும். பாளையங்கோட்டையிலிருந்து தூத்துக்குடிக்கு வாடகை 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே 24 லட்சம் ரூபாய்க்கு அவுரி இலை இருந்தாலும், வல்லநாடு பக்கம் வண்டி கவிழ்ந்தால் கைக்கு வரக்கூடியது அதிகபட்சம் 1.5 லட்சம்.

கடல் பயணம் பல ஆயிரம் மைல், லாரிப் பயணம் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். ஆனாலும் வணிகருக்கு மிகக் குறைந்த பாதுகாப்பு அந்த ஐம்பது கிலோமீட்டரில்தான். பலரும் கடல் பயணத்துக்கு மட்டும் பாலிசி எடுத்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

கப்பலில் வரம்பு மட்டுமல்ல, விலக்குகளும் உண்டு. கடல் கொந்தளிப்பு, கப்பலைச் செலுத்துவதில் மாலுமி செய்த தவறு, உரிமையாளரின் சொந்தத் தவறில்லாமல் பிடித்த தீ ஆகியவற்றில் கப்பல் நிறுவனம் ஒரு ரூபாய்கூடத் தராமல் விலக முடியும். இன்சூரன்ஸில் யார் தவறு என்ற கேள்விக்கே இடமில்லை. உங்களுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, உங்கள் இடத்தில் நின்று வண்டிக்காரரிடமும் கப்பல்காரரிடமும் வசூலிக்கப் போவது இன்சூரன்ஸ் நிறுவனத்தின் வேலை.

லாரி நிறுவனம் தரும் எல்.ஆர். ரசீதில் ‘உடைமையாளர் பொறுப்பில்’ என்று அச்சடித்திருக்கிறது. அப்படியானால் லாரிக்காரர் கை கழுவிவிடலாமா?

முடியாது. தன் கவனக்குறைவால் நேர்ந்த சேதத்திலிருந்து அந்த வரி அவரைக் காப்பாற்றாது என்று 2000-ம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் ரயிலில் கதை வேறு. அங்கே உடைமையாளர் பொறுப்பு என்ற குறைந்த கட்டணத்தில் அனுப்பினால், ரயில்வேயின் கவனக்குறைவை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

ஒரே ஒப்பந்தத்தில் லாரி, கப்பல் இரண்டும் அடங்கினால் எந்தச் சட்டம்?

1993-ம் ஆண்டு பன்முறைச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம். இது பொருந்த மூன்று நிபந்தனைகள் உண்டு: இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட போக்குவரத்து முறைகள் வேண்டும், எல்லாவற்றுக்கும் ஒரே ஒப்பந்தம் வேண்டும், சரக்கு இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்குப் போக வேண்டும். ஒப்பந்தம் செய்பவர் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தில் பதிவு பெற்ற பன்முறைப் போக்குவரத்து ஆபரேட்டராகவும் இருக்க வேண்டும்.

ஆப்பிரிக்காவிலிருந்து தூத்துக்குடிக்கு வரும் முந்திரிக்கொட்டைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. தூத்துக்குடியிலிருந்து ரயிலிலும் லாரியிலும் வடக்கே போகும் உப்புக்கும் பொருந்தாது.

அந்தச் சட்டப்படி எவ்வளவு கிடைக்கும்?

சரக்கின் தன்மையையும் மதிப்பையும் போக்குவரத்துப் பத்திரத்தில் அறிவிக்கவில்லை, சேதம் எந்தக் கட்டத்தில் நடந்தது என்றும் தெரியவில்லை என்றால்: கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்., அல்லது பொதி ஒன்றுக்கு 666.67 எஸ்.டி.ஆர்., இரண்டில் எது அதிகமோ அது. கடலோ உள்நாட்டு நீர்வழியோ இல்லாத பயணத்துக்குக் கிலோவுக்கு 8.33 எஸ்.டி.ஆர். இந்த எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நிதியம் தினமும் மதிப்பு அறிவிக்கும் கணக்கு அலகு. கணக்குக்கு எளிதாக 120 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

15 கிலோ அட்டைப்பெட்டி ஒன்று தொலைந்தால் எடைக் கணக்கில் 30 எஸ்.டி.ஆர்., 3,600 ரூபாய். பொதிக் கணக்கில் 666.67 எஸ்.டி.ஆர்., ஏறத்தாழ 80,000 ரூபாய். அதிகமானதைத்தான் எடுக்க வேண்டும் என்பதால், 9,000 ரூபாய்ப் பெட்டிக்கு வரம்பு இடிக்கவே இடிக்காது.

இனி கயத்தாறு, ராதாபுரம் பக்கக் காற்றாலையிலிருந்து பழுதுபார்க்க வெளிநாடு போகும் 12,000 கிலோ கியர்பெட்டியைப் பாருங்கள். அது ஒரே பொதி. எடைக் கணக்கில் 24,000 எஸ்.டி.ஆர்., அதாவது 28.8 லட்சம் ரூபாய். மதிப்பு ஒன்றரைக் கோடியாக இருந்தால் பாக்கி உங்கள் தலையில். ஒரு பொதி 333 கிலோவுக்குக் கீழே இருந்தால் பொதிக் கணக்கு லாபம், அதற்கு மேலே போனால் எடைக் கணக்கு லாபம் என்று நினைவில் வையுங்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கப்பல் சரக்குக்குத் தரும் ரசீதான பில் ஆஃப் லேடிங்கில் ‘ஒரு கன்டெய்னர்’ என்று மட்டும் எழுதியிருந்தால், அந்தக் கன்டெய்னரே ஒரு பொதி என்று வாதாட இடம் கொடுத்ததாகிவிடும். ‘ஒரு கன்டெய்னரில் 600 அட்டைப்பெட்டிகள்’ என்று எண்ணிக்கையோடு எழுத வைக்க வேண்டும். கிளியரிங் ஏஜெண்ட் அனுப்பும் வரைவை அவசரத்தில் ‘ஓகே’ என்று வாட்ஸ்அப்பில் தட்டிவிடாமல், இந்த ஒரு வரியையாவது பாருங்கள்.

சேதம் லாரியில்தான் நடந்தது என்று தெரிந்துவிட்டால்?

அப்போது அந்தக் கட்டத்துக்கு உரிய சட்டத்தின் வரம்புதான் எடுபடும். லாரி என்றால் வாடகையின் பத்து மடங்கு. கடல் என்றால் மறுபடி 666.67 அல்லது 2 எஸ்.டி.ஆர். கடல்வழிச் சரக்குக்கு நெடுங்காலமாக இருந்த 1925-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் புதுச் சட்டம் இயற்றப்பட்டது. இந்த அடிப்படை மாறவில்லை.

ரயிலில் மதிப்பை அறிவித்துக் கூடுதல் சதவீதக் கட்டணம் கட்டாவிட்டால் கிலோவுக்கு 50 ரூபாய். உப்புக்கு இது தாராளம், ஏலக்காய்க்கு ஒன்றுமே இல்லை. விமானத்தில் மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். திருவனந்தபுரம் வழியாக வளைகுடாவுக்குக் காய்கறி அனுப்புகிறவர்களுக்கு இந்தத் தொகை பெரும்பாலும் சரக்கின் விலையைவிட அதிகம். அவர்களுடைய தொல்லை தொகையல்ல, தாமதம். அதைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

சேதம் எங்கே நடந்தது என்று எப்படித் தெரியும்? பூட்டிய பெட்டிக்குள் யார் பார்த்தார்கள்?

ஒவ்வொரு கைமாற்றத்திலும் எழுதி வைத்த காகிதம்தான் சொல்லும். இந்தப் பக்கம் முழுவதிலும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

காலிக் கன்டெய்னர் வந்ததும் ஒரு ஆளை உள்ளே நிறுத்திக் கதவை இறுக மூடுங்கள். கூரையிலோ மூலையிலோ ஒரு புள்ளி வெளிச்சம் தெரிந்தாலும் பெட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். கதவின் ரப்பர் பட்டை வெடித்திருக்கிறதா, தரைப்பலகையில் எண்ணெய்க் கறையோ மருந்து வாடையோ இருக்கிறதா என்று பாருங்கள். முந்தைய சரக்கின் வாடை தேயிலையிலும் அவுரியிலும் ஏறினால் வாங்குபவர் முழுச் சரக்கையும் தள்ளிவிடுவார்.

ஏற்றும்போது நான்கு படம் எடுங்கள்: காலிப் பெட்டி, பாதி நிறைந்தது, முழுதும் நிறைந்தது, கதவு மூடி சீல் எண் தெளிவாகத் தெரியும்படி. சீல் போல்ட் வகையாக இருக்கட்டும். சீலை மட்டும் பார்த்துத் திருப்தி அடைவதும் தவறு. சீலைத் தொடாமலே கதவின் கைப்பிடியைப் பிடித்திருக்கும் ரிவெட்டை அறுத்துச் சரக்கை எடுத்துவிட்டு, புது ரிவெட் அடித்துப் பெயின்ட் பூசிவிடும் திருட்டு பழைய வித்தை. ரிவெட் தலைகளையும் படத்தில் கொண்டுவாருங்கள்.

தூத்துக்குடியில் உள்ளே நுழையும்போது தரும் வாயில் சீட்டில் சீல் எண்ணும், பெட்டியின் நிலையும் எழுதப்பட வேண்டும். 2016 ஜூலை 1 முதல் கப்பலேற்றக் கட்டாயமான சரிபார்த்த மொத்த எடையும் ஒரு நல்ல சாட்சி. இங்கே 14,200 கிலோ இருந்த பெட்டி அங்கே 13,100 கிலோ காட்டினால், இடையில் கை வைத்திருக்கிறார்கள் என்பதற்கு வேறு நிரூபணம் வேண்டாம்.

சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்யும் ஃபார்வர்டர் தன் பெயரில் பில் ஆஃப் லேடிங் கொடுத்தார். சேதம் என்றதும் ‘நான் வெறும் ஏஜெண்ட், கப்பல் கம்பெனியைக் கேளுங்கள்’ என்கிறார்.

பில்லின் கையெழுத்துப் பகுதியைப் பாருங்கள். ‘கேரியராக’ அல்லது ‘பன்முறைப் போக்குவரத்து ஆபரேட்டராக’ என்று கையெழுத்திட்டிருந்தால் வாசலிலிருந்து வாசல் வரை அவர்தான் பொறுப்பு, லாரியும் கப்பலும் அவர் அமர்த்திய ஆட்கள். ‘ஏஜெண்டாக மட்டும்’ என்று போட்டிருந்தால் அவர் சொல்வது பெரும்பாலும் சரி. அப்போது லாரிக்காரரையும் கப்பல் நிறுவனத்தையும் தனித்தனியாகத் துரத்த வேண்டும்.

அவர் பன்முறை ஆபரேட்டராகப் பதிவு பெற்றவரா என்பதைச் சேதத்துக்குப் பிறகு விசாரிப்பதைவிட விலைப்புள்ளி வாங்கும்போதே பதிவெண்ணைக் கேட்டு வாங்குவது நல்லது. ஃபார்வர்டருக்குப் பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா என்றும் அதே மூச்சில் கேட்கலாம். முகம் சுளித்தால் அதுவே பதில்.

புகார் கொடுக்க எத்தனை நாள்?

இதில்தான் அதிகப் பேர் தோற்கிறார்கள், ஏனென்றால் ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு கணக்கு.

கப்பலில், வெளியே தெரியாத சேதத்துக்குச் சரக்கை எடுத்த 3 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். வழக்குக்கு ஒரு வருடம். பன்முறைச் சட்டத்தில் வெளியே தெரியாத சேதத்துக்கு 6 நாள், வழக்குக்கு 9 மாதம் மட்டும். ‘கப்பல் என்றால் ஒரு வருடம்’ என்று கேள்விப்பட்டதை வைத்துப் பத்தாவது மாதம் வக்கீலிடம் போனால் கதவு சாத்தியிருக்கும். குறித்த நாளிலிருந்து 90 நாளாகியும் சரக்கு வராவிட்டால் அது தொலைந்ததாகவே கொள்ளலாம்.

லாரியில், சரக்கைப் பதிந்த நாளிலிருந்து 180 நாளுக்குள் நோட்டீஸ். சேதம் தெரிந்த நாளிலிருந்து அல்ல, பதிந்த நாளிலிருந்து. ரயிலில் சரக்கை ஒப்படைத்து 6 மாதத்துக்குள் நோட்டீஸ், பிறகு ரயில்வே கோரிக்கைத் தீர்ப்பாயம். விமானத்தில் சேதத்துக்கு 14 நாள், தாமதத்துக்கு 21 நாள், வழக்குக்கு 2 வருடம்.

கப்பலிலும் பன்முறைச் சட்டத்திலும் வெளியே தெரியும் சேதத்துக்கு எந்த நாளும் கிடையாது. டெலிவரி எடுக்கும் அந்த நிமிடமே ரசீதில் எழுத வேண்டும். ‘சரக்கு நல்ல நிலையில் பெற்றேன்’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாள் புகார் கொடுத்தால், உங்கள் கையெழுத்தே உங்களுக்கு எதிர்ச்சாட்சி.

இன்சூரன்ஸில் ஏ, பி, சி என்கிறார்களே, எது வேண்டும்?

கடல் பயணத்துக்கு ஏ. இதில் விலக்கிச் சொன்னவை தவிர மற்ற எல்லா ஆபத்தும் அடங்கும். பி-யிலும் சி-யிலும் பெயர் சொன்ன ஆபத்துகள் மட்டும். சி-யில் தீ, கப்பல் மூழ்குதல், மோதல், வண்டி கவிழ்தல் போன்ற பெரிய விபத்துகள்தான். திருட்டு, மழைநீர், உடைப்பு, எண்ணிக்கைக் குறைவு எதுவும் சி-யில் கிடையாது. நடைமுறையில் வரும் கோரிக்கைகளில் பெரும்பாலானவை இந்த நான்கு வகைதான் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சரக்கு, காப்பீடு, கப்பல் கட்டணம் மூன்றும் சேர்ந்த சி.ஐ.எஃப். விலையில் விற்கும்போது, இன்கோடெர்ம்ஸ் 2020 என்ற சர்வதேச வணிக விதிகளின்படி விற்பவர் குறைந்தபட்சம் சி எடுத்துக் கொடுத்தாலே போதும். அதே போன்ற, ஆனால் எல்லாப் போக்குவரத்து முறைக்கும் பொருந்தும் சி.ஐ.பி. என்றால் ஏ கட்டாயம். வாங்குபவர் இந்த வித்தியாசம் தெரிந்தவராக இருந்தால் ஏ கேட்பார். தெரியாதவராக இருந்தால் சேதத்துக்குப் பிறகு சண்டைக்கு வருவார்.

உள்நாட்டு லாரி, ரயில் பயணத்துக்குத் தனி ஏ, பி, சி உண்டு. அதில் பி என்பது தீ, மின்னல், பாலம் உடைதல், வண்டி மோதல், கவிழ்தல், தடம்புரளல் இவற்றுக்குத்தான். வேலைநிறுத்தம், கலவரம் எல்லாம் தனிச் சேர்க்கை. கேட்டு வாங்க வேண்டும்.

எஃப்.ஓ.பி. தூத்துக்குடி என்று விற்கிறோம். வாங்குபவரே இன்சூர் செய்துவிட்டார். எங்களுக்கு எதுவும் வேண்டாமே?

வேண்டும். எஃப்.ஓ.பி.-யில் சரக்கு கப்பலில் ஏறும் வரை ஆபத்து உங்களுடையது. வாங்குபவரின் பாலிசி அவருக்கு அக்கறை பிறந்த பிறகுதான் வேலை செய்யும். குடோனிலிருந்து கப்பல் தளம் வரை உங்களுக்கென்று ஒரு உள்நாட்டுப் பாலிசி வேண்டும், அதில் துறைமுக யார்டில் காத்திருக்கும் நாட்களும் அடங்க வேண்டும்.

கன்டெய்னர் சரக்குக்கு எஃப்.ஓ.பி.-யே பொருத்தமில்லை என்பது எங்கள் கருத்து. பெட்டியை நிலையத்தில் ஒப்படைத்த பிறகு அது எப்போது கப்பல் ஏறும் என்பது உங்கள் கையில் இல்லை. எஃப்.சி.ஏ. என்று மாற்றினால் ஒப்படைத்த இடத்திலேயே ஆபத்து கைமாறிவிடும். ஆனால் ‘அப்பா காலத்திலிருந்து எஃப்.ஓ.பி.தான்’ என்கிற கடைகளில் இதைச் சொல்லிப் பார்த்தால் தெரியும்!

இன்னொரு ஓட்டை: சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு வாங்குபவர் பணம் கட்டாமல் ஆவணங்களைத் திருப்பிவிட்டால் ஆபத்து மறுபடி உங்களிடம் வரும். விற்பவர் நலன் என்று ஒரு துணைக் காப்பீடு இதற்காகவே இருக்கிறது.

கருப்பட்டி உருகி ஒட்டிவிட்டது, அவுரி இலை பூஞ்சை பிடித்துவிட்டது. ஏ பாலிசி இருந்தும் மறுக்கிறார்கள். ஏன்?

‘உள்ளார்ந்த குறை’ என்ற விலக்கு. சரக்கு தன் இயல்பாலேயே கெட்டால் இன்சூரன்ஸ் தராது. கருப்பட்டி காற்றிலிருந்து ஈரம் இழுக்கும், அவுரியும் தும்பும் ஈரத்தோடு ஏறினால் உள்ளேயே புழுங்கும். வெளியிலிருந்து ஒரு விபத்து நடந்ததாக நீங்கள் காட்ட வேண்டும், இல்லையென்றால் சரக்கு ஏறும்போது காய்ந்திருந்தது என்றாவது காட்ட வேண்டும்.

என்ன நடக்கிறது என்றால், தூத்துக்குடி வெயிலில் சூடேறிய பெட்டி மார்கழி, தை மாதத்தில் ஐரோப்பாவுக்குப் போகிறது. உள்ளே இருக்கும் வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த கூரைத் தகட்டில் பட்டுத் துளித்துளியாகச் சரக்கின் மேல் சொட்டுகிறது. கன்டெய்னர் மழை என்பார்கள். ஈரம் சரக்கிலிருந்து மட்டுமல்ல, பச்சை மரப் பலகையிலிருந்தும் ஈரத் தரையிலிருந்தும் வரும்.

ஏற்றும் முன் ஈரமானியால் பத்துப் பன்னிரண்டு பொதிகளில் அளந்து, தேதியோடு எழுதிக் கையெழுத்திட்டு வையுங்கள். மேலே கிராஃப்ட் காகிதம் விரியுங்கள். ஈரம் உறிஞ்சும் பைகளைப் பக்கச்சுவர்களின் குழிவுகளில் தொங்கவிடுங்கள், எத்தனை என்பதைப் பை விற்பவர் தரும் அட்டவணையைப் பார்த்துப் பயண நாளுக்கும் சரக்குக்கும் ஏற்ப முடிவு செய்யுங்கள். மழை தூறும் நாளில் ஏற்றாதீர்கள். பாலிசி பேசும்போதே ‘வியர்வைச் சேதம் அடங்குமா’ என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பொதியும் அடுக்கலும் போதாதவை என்பது இன்னொரு விலக்கு. சரக்கை நீங்களே பெட்டிக்குள் அடுக்கும்போது அது உங்கள் தலையில்தான் விழும்.

சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் ஏதோ திரவம் தெளித்து ‘கடல்நீர் இல்லை’ என்கிறார். அது என்ன?

சில்வர் நைட்ரேட் கரைசல். உப்பு இருந்தால் பால் போல வெள்ளையாகத் திரளும். கடல்நீரால் நனைந்ததா, மழையிலோ வியர்வையிலோ நனைந்ததா என்று பிரிக்க உதவும். வெள்ளையாகத் திரண்டால் கப்பல் பக்கம், திரளாவிட்டால் லாரி அல்லது யார்டு பக்கம் பொறுப்பு சாயும்.

நம் பக்கத்தில் இதில் ஒரு வேடிக்கை உண்டு. முந்தின நாள் உப்பு ஏற்றிய லாரியிலோ, உப்பளக் காற்று படும் குடோனிலோ இருந்த சாக்கு கடலையே பார்க்காமல் வெள்ளையாகத் திரளும். அதனால் ஒரே சொட்டுச் சோதனையோடு நிற்காமல், நனையாத பொதியிலும் அதே சோதனை செய்து ஒப்பிடவும், சந்தேகம் இருந்தால் ஆய்வகத்தில் குளோரைடு அளவு பார்க்கவும் எழுத்தில் கேளுங்கள்.

2023 டிசம்பர் வெள்ளம் போல மறுபடி வந்தால், யார்டில் நிற்கும் சரக்குக்குக் கிடைக்குமா?

அந்த டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை. லாரிக்காரரும் கிடங்குக்காரரும் ‘இயற்கைச் சீற்றம்’ என்று விலகிக்கொள்ளச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதனால் அந்த மாதிரி நாளில் இன்சூரன்ஸ் ஒன்றுதான் கை கொடுக்கும்.

கடல் பாலிசி ஏ-யில் வெள்ளம் அடங்கும். பி-யில் கடல், ஏரி, ஆற்று நீர் வண்டிக்குள்ளோ கன்டெய்னருக்குள்ளோ கிடங்குக்குள்ளோ புகுந்தால் அடங்கும். சி-யில் இல்லை. உள்நாட்டு பி-யிலும் வெள்ளத்தின் பெயர் இல்லை.

இன்னொரு நிபந்தனை, சரக்கு பயணத்தின் இயல்பான போக்கில் நின்றிருக்க வேண்டும். கப்பலுக்காக நான்கு நாள் காத்திருந்தால் அது பயணம். விலை ஏறட்டும் என்று நீங்களே ஒரு மாதம் நிறுத்தி வைத்தால் அது சேமிப்பு, பயணப் பாலிசி அங்கேயே முடிந்துவிடும். சேருமிடத்திலும் இதே கணக்குதான்: கப்பலிலிருந்து இறங்கி 60 நாள், விமானத்தில் 30 நாள், உள்நாட்டுப் பயணத்தில் ஊர் போய்ச் சேர்ந்து 7 நாள். அதற்கு மேல் கிடந்தால் பாதுகாப்பு இல்லை.

கப்பல் தாமதத்தால் எலுமிச்சை அழுகிவிட்டது.

இன்சூரன்ஸ் தராது. தாமதத்தால் வந்த நட்டம் 1963-ம் ஆண்டுக் கடல் காப்பீட்டுச் சட்டத்திலேயே விலக்கு, தாமதத்துக்குக் காரணம் காப்பீடு செய்த ஆபத்தாக இருந்தாலும்கூட. பன்முறை ஆபரேட்டரிடம் கேட்கலாம், ஆனால் ‘குறித்த நாளில் சேர வேண்டும்’ என்று நீங்கள் முன்பே அறிவித்து அவர் ஏற்றிருந்தால்தான். அப்போதும் உச்சம் சரக்குக் கட்டணம்.

குளிர்பெட்டியில் போகும் இறால், மீனுக்குக் குளிர்சாதனம் பழுதானால் தருகிற தனி விதிகள் உண்டு. அதில் வழக்கமாக இயந்திரம் தொடர்ந்து 24 மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். பத்து மணி நேரம் நின்றதற்குக் கிடைக்காது. பெட்டியின் வெப்பநிலைப் பதிவைத் தரவிறக்கித் தரச் சொல்லி உடனே எழுதுங்கள், நாள் கடந்தால் அது அழிந்துபோகும்.

கோவில்பட்டித் தீப்பெட்டிக்குத் தனி விதி உண்டா?

உண்டு. பாதுகாப்புத் தீப்பெட்டி ஐ.நா. எண் 1944, வகுப்பு 4.1, எரியும் திடப்பொருள். அதை ‘அட்டைப் பொருட்கள்’ என்று மறைத்து அனுப்பித் தீப்பிடித்தால், உங்கள் இழப்பு கிடைக்காது என்பது சின்ன விஷயம். மற்றவர் சரக்குக்கும் கப்பலுக்கும் நீங்கள் பொறுப்பாவீர்கள். அதற்கு வரம்பும் உதவாது.

எவ்வளவு தொகைக்கு இன்சூர் செய்வது? பாதிச் சேதத்தை எப்படிக் கணக்கிடுவார்கள்?

வழக்கம் சி.ஐ.எஃப். மதிப்பும் அதன் மேல் 10 சதவீதமும். சி.ஐ.எஃப். 20 லட்சம் என்றால் 22 லட்சம். பிரீமியம் மிச்சம் பிடிக்கக் குறைத்துக் காட்டினால் ஒவ்வொரு கோரிக்கையிலும் அதே விகிதத்தில் வெட்டு விழும்.

ஓர் உதாரணம்: 1,000 பெட்டிகள், காப்பீட்டுத் தொகை 22 லட்சம். 200 நனைந்தன. சேருமிடத்தில் நல்ல பெட்டி 2,500 ரூபாய்க்குப் போகும், நனைந்ததை 1,000 ரூபாய்க்குத்தான் கேட்கிறார்கள். மதிப்பிழப்பு 60 சதவீதம். 200 பெட்டியின் காப்பீட்டுப் பங்கு 4.4 லட்சம், அதில் 60 சதவீதம் 2.64 லட்சம். சந்தை விலை வித்தியாசமான 3 லட்சம் அல்ல. இந்த விகிதக் கணக்கைத் தெரிந்துகொண்டால் சர்வேயரோடு தேவையில்லாத வாக்குவாதம் குறையும்.

ஒவ்வொரு லோடுக்கும் பாலிசி எடுக்க வேண்டுமா?

மாதம் இரண்டுக்கு மேல் அனுப்பினால் ஓப்பன் பாலிசிதான் கட்டுபடியாகும். ஒரு வருடத்துக்கான மொத்தத் தொகைக்கு எடுத்து, ஒவ்வொரு லோடையும் அறிவித்துக் கழித்துக்கொண்டே வருவது. ஏற்றுமதிக்கு இதுவே ஓப்பன் கவர், லோடுக்கு ஒரு சான்றிதழ். இரண்டு தவறு அடிக்கடி நடக்கும். நல்லபடியாகப் போன லோடுகளை அறிவிக்காமல் விடுவது ஒன்று. பாக்கித் தொகை தீர்ந்ததைக் கவனிக்காமல் அனுப்பிக்கொண்டே இருப்பது மற்றொன்று. பிரீமியம் போய்ச் சேராத வரை பாதுகாப்பு தொடங்காது என்பது 1938-ம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 64வி.பி. பிரிவு. ‘ஏஜெண்ட் அண்ணாச்சி கட்டிவிடுவார்’ என்பது அதற்கு விலக்கல்ல.

சேதம் தெரிந்தவுடன் என்ன வரிசையில் செய்வது?

இறக்குவதை நிறுத்திப் படம் எடுங்கள். சீல், கதவு, கூரை, சரக்கு. ரசீதில் குறிப்பு எழுதி ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்குங்கள், அவர் மறுத்தால் ‘மறுத்தார்’ என்று வண்டி எண்ணோடு எழுதுங்கள். அன்றே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி சர்வேயரைக் கேளுங்கள். வெளிநாட்டில் என்றால் சான்றிதழில் இருக்கும் சர்வே ஏஜெண்டை வாங்குபவர் அழைக்க வேண்டும்.

லாரி, கப்பல், ஃபார்வர்டர் மூவருக்கும் தனித்தனியாக எழுத்தில் இழப்பீட்டுக் கோரிக்கை அனுப்புங்கள். இதை விட்டால் உங்களுக்குப் பதிலாக வசூலிக்கும் உரிமையை இன்சூரன்ஸ் நிறுவனம் இழக்கும், அந்தக் காரணம் சொல்லியே உங்கள் தொகையை வெட்டும். லாரி ஆபீஸில் ‘நமக்குள்ள எதுக்குங்க நோட்டீசு’ என்பார்கள். அனுப்பிவிட்டு டீ குடியுங்கள், பகையாகிவிடாது. ஆனால் ‘இனி கேட்கமாட்டோம்’ என்று எழுதிக் கொடுத்துச் சமாதானத்துக்கு ஐந்தாயிரம் வாங்கிவிடாதீர்கள், முழுக் கோரிக்கையும் போய்விடும்.

பிறகு பாலிசி அல்லது சான்றிதழ், விலைப் பட்டியல், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங், எல்.ஆர்., வாயில் சீட்டு, சேதச் சான்று, கடிதப் போக்குவரத்து எல்லாம் ஒரே கோப்பில்.

சர்வேயர் வரும்வரை நனைந்ததையும் நல்லதையும் ஒன்றாகவே வைக்க வேண்டுமா?

வேண்டாம். இன்சூரன்ஸே இல்லாதவர் எப்படிக் காப்பாற்றுவாரோ அப்படிக் காப்பாற்ற வேண்டும் என்பது நிபந்தனை. பிரித்து உலர வையுங்கள், எதையும் வீசாதீர்கள், விற்காதீர்கள். பிரிக்கிற லோடுமேன் கூலி, தார்ப்பாய் வாடகை ரசீதுகளைச் சேருங்கள். நியாயமான செலவு தனியாகக் கிடைக்கும்.

எங்கள் சரக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் கப்பல் கம்பெனி பணம் கேட்கிறது!

பொதுச் சராசரி. கப்பலையும் சரக்கையும் காப்பாற்ற வேண்டுமென்றே செய்த தியாகத்தையும் செலவையும் கப்பலும் எல்லாச் சரக்கும் மதிப்பின் விகிதத்தில் பகிர்ந்துகொள்ளும் பழைய கடல் வழக்கம். 2021-ல் சூயஸில் எவர் கிவன் தரைதட்டியபோதும், 2024-ல் கொழும்பு நோக்கிக் கிளம்பிய டாலி பால்டிமோர் பாலத்தில் மோதியபோதும் இப்படி அறிவித்தார்கள். உத்தரவாதம் தரும் வரை சரக்கை விடமாட்டார்கள்.

ஏ, பி, சி மூன்றிலுமே இது அடங்கும். உங்கள் இன்சூரன்ஸ் நிறுவனம் உத்தரவாதக் கடிதம் கொடுத்துவிடும், நீங்கள் பத்திரத்தில் கையெழுத்திட்டால் போதும். இன்சூரன்ஸ் இல்லாதவர் ரொக்கம் கட்டி, கணக்கு முடிய வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

கோரிக்கையை மறுத்துவிட்டார்கள். வழக்குக்குப் போகாமல் வழி இருக்கிறதா?

முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால், தனிநபர் உரிமைக் கடைகளும் குறு நிறுவனங்களும் சென்னை இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வரம்பு 50 லட்சம் ரூபாய், கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. அதைவிடப் பெரிய நிறுவனங்களுக்கு நுகர்வோர் ஆணையம் உண்டு. வணிகத்துக்காக எடுத்த பாலிசி என்பதாலேயே அங்கே போகக் கூடாது என்று சொல்ல முடியாது என 2023-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. அங்கே கெடு 2 வருடம், மறுப்புக் கடிதத்தின் உறையைக்கூடத் தபால் முத்திரைத் தேதிக்காகப் பத்திரப்படுத்துங்கள்.